கலர் வந்தால் இறக்கிவிட வேண்டும்

“16-7-2023, ஞாயிறு. காலை 6.40. மேல் 128, கீழ் 82. நலம்.”

எழுதியவன் நான்தான். கோடு போட்ட நோட்டு, பதினான்காம் பக்கம், நீல மை. ஊர் விஷயங்களைத் தேதியோடு குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. எங்கள் தெருவுக்கு எந்த ஆண்டு சிமெண்ட் போட்டார்கள், கமண்டல நாகநதியில் கடைசியாக எந்த மாதம் தண்ணீர் ஓடியது என்று யாராவது கேட்டால் நோட்டைப் புரட்டிச் சொல்லுவேன். அவற்றில் சில தவறாக இருக்கலாம். அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. இந்த ஒரு வரி கேடு செய்தது. எண்களைச் சொல்லவில்லை. கடைசியில் அழகுக்காக நான் சேர்த்த ‘நலம்’ என்ற சொல்லைச் சொல்கிறேன்.

ரத்த அழுத்தம் பார்த்தது எங்கள் பக்கத்து வீட்டுச் சாயக்காரருக்கு. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்து, ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் உள்ள தறிகளுக்குப் பட்டு நூல் சாயம் தோய்த்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயரை எழுதவில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அண்ணிதான். “பேரு போடாத தம்பி. மாத்தர கூட ஒழுங்கா சாப்புடாத மனுசன்னு ஊரே பேசும்.” ஊர் ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறது. ஆனாலும் போடவில்லை.

அவர் பட்டறையில் கடிகாரம் கிடையாது. உமி அடுப்பின் மேல் பெரிய செப்பு அண்டா. அதில் கொதிக்கும் சாயத் தண்ணீர். கோலில் மாட்டிய நூல் கற்றைகளை, சிட்டங்களை, அவரும் அண்ணியும் எதிரெதிரே நின்று திருப்பிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று ஒரு இழையை உருவி, விரல்களுக்கு இடையில் தேய்த்துக் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “வந்துடுச்சி, எறக்கு” என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நிமிடம் இருந்தாலும் நூல் கறுத்துவிடும், பளபளப்புப் போய்விடும் என்பது அவர் தொழில் பாடம். அதில் அவர் தவறியதாக என்னிடம் குறிப்பு இல்லை.

தொல்லை என்னவென்றால், உலகத்தில் எல்லாமே அவருக்கு அந்த அண்டாதான்.

போனில் பேசிக்கொண்டே இருப்பார். தனக்கு வேண்டிய விவரம் கிடைத்ததும் வைத்துவிடுவார். மறுமுனையில் இருப்பவர் அரை வாக்கியத்தில் நிற்பார். எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து, சாப்பிட்டு, தாலி கட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். ஒருமுறை நானும் அவரும் படத்துக்குப் போனோம். இடைவேளையில் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

“இன்னாணா, எங்க போறீங்க?”

“மச்சான்காரன்தான் வில்லன்னு தெரிஞ்சிடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு குந்திகினு கெடக்கணும்?”

அவன்தான் வில்லன். அது இன்னும் எரிச்சல்.

2023 பிப்ரவரியில் ஈரப் பட்டு நூலை மொட்டை மாடிப் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவருக்கு மார்பு அழுத்தியது. பதினான்கு படிகள். ஏழாவது படியில் நின்றார்; நின்றதும் அழுத்தம் போய்விட்டது. அண்ணி என்னிடம் சொல்ல, 20-ஆம் தேதி திங்கட்கிழமை நான் அவரை வேலூருக்கு ஓர் இருதய மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மேல் 170, கீழ் 104. இரண்டு நாள் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் உட்காரவைத்துச் சொன்னார். இருதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தன் மேலேயே ஓடுகிற சின்னக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய்களின் உள்சுவரில் வருடக்கணக்கில் கொழுப்புப் படிகிறது. பாரம் தூக்கும்போது இருதயத்துக்கு அதிக ரத்தம் வேண்டும், குறுகின குழாயில் வராது, அதுதான் அழுத்துகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது.

இவர் உடனே சொன்னார்: “போர்த் தண்ணி குழாய்ல உப்பு கட்டிக்கிற மாதிரி. அதானே சார்?”

மருத்துவர் சந்தோஷப்பட்டார். “அதேதான். ஒரு வித்தியாசம். படிஞ்ச இடம் திடீர்னு வெடிச்சு, அது மேல ரத்தம் உறைஞ்சு, ஒரேயடியா அடைச்சுக்கும். அதுதான் மாரடைப்பு. உங்களுக்கு அடைப்பு பாதி அளவுக்குத்தான் இருக்கு. பீடி கூடாது, உப்பு குறைக்கணும், நடக்கணும், மூணு மாத்திரை. மாத்திரை வாழ்நாள் முழுக்க.”

இவ்வளவும் இவருக்குப் புரிந்தது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு உப்புக் குழாயை விளக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் புரிந்தது. கடைசி மூன்று சொற்கள் மட்டும் அவர் காதில் விழவேயில்லை என்று இப்போது நினைக்கிறேன். போனை வைத்துவிட்டிருப்பார்.

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது இறங்கினார். முப்பத்தைந்து வருடப் பீடி. மடியிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து டீக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

“ணா, அவருக்கும் நெஞ்சு இருக்குதே!”

“இருக்குது. அவருக்கு இன்னும் டாக்டர் சொல்லலியே.”

அதற்குப் பிறகு அவர் பீடியைத் தொடவில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் ஒரே நாளில் விட்டார். தினமும் விடியற்காலையில் ஆற்றுப்பாலம் வரை நடந்தார். நான் பார்த்த மனிதர்களில் கடினமானவற்றையெல்லாம் அவ்வளவு சுலபமாகச் செய்தவர் வேறு யாருமில்லை. காலையில் இரண்டும் இரவில் ஒன்றுமாக மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதுதான் மிச்சம். அதில்தான் என்னைக் கொன்றார்.

என் அம்மாவுக்காக வாங்கிய பிரஷர் மெஷின் வீட்டில் இருந்தது. நடை முடிந்து வந்ததும் அவருக்குப் பார்த்து எழுதுவேன். பிப்ரவரியிலிருந்து எண்கள் படிப்படியாக இறங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூலை 16-ஆம் தேதி 128-க்கு 82 வந்ததும் ‘நலம்’ என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். “இன்னா எழுதின?” படித்துக் காட்டினேன். “அப்டியா!” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை நோட்டைக் கேட்டு வாங்கிப் போய் அரை மணியில் திருப்பிக் கொடுத்தார். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. தேதியை மட்டும் எழுதத் தெரிந்தவன் நான்.

செப்டம்பரில் ஒருநாள், முள்ளிப்பட்டில் தறிக்குப் பாவு நூல் போடுகிற ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சாயக்காரரிடம் நூல் வாங்க வருபவர்.

“அண்ணன் குடுத்த மாத்தர நல்லா கேக்குதுங்க” என்றார்.

“என்ன மாத்திரை?”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். சாயப் பொடி மடிக்கிற அதே மடிப்பு. உள்ளே மூன்று வகை மாத்திரைகள். பெயர் இல்லை, அட்டை இல்லை. “டாக்டரைப் பார்க்காமல் இதைப் போடாதீங்க” என்று சொல்லி, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

“இன்னாணா இது?”

“ஏன் கத்திகினு வர? அவனுக்கும் பிரஷர்தான். எனக்கு சரியாயிடுச்சி. மிச்சத்த சாக்கடையில கொட்டச் சொல்றியா?”

அவர் தொழிலில் எதையும் கொட்டுவதில்லை. அரக்குச் சிவப்புத் தோய்த்த அண்டாவில் மிச்சம் நிற்கும் தண்ணீரில் அடுத்து ரோஜா நிறம் தோய்ப்பார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும்!

“சரியாயிடுச்சின்னு யார் சொன்னது?”

அவர் சுவரைக் காட்டினார். கலர் சாம்பிள் இழைகள் ஒட்டிய அட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஜெராக்ஸ் தொங்கியது. பதினான்காம் பக்கம். என் கையெழுத்து. ‘நலம்’, அடிக்கோட்டோடு.

“நீதான்யா சொன்ன, காலண்டரு.”

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

“ணா, மாத்திரை போட்டதால இறங்குச்சு. நிறுத்தினா ஏறும்.”

“கலர் வந்தா எறக்கிடணும் தம்பி. வந்த அப்புறமும் போட்டு வேக வெச்சிகினே இருந்தா நூலு கெட்டுடும். ஒடம்பும் அப்டித்தான்.”

“டாக்டர் அப்படிச் சொல்லலியே!”

“டாக்டர் அண்டாவ பாத்தாரா?”

அண்ணி சிட்டத்தைத் திருப்பிக்கொண்டே, “சொம்மா வாயாடிகினு இருக்கீங்களே, டாக்டரு சொல்றத போட்டுக்கினாதான் இன்னா?” என்றார். சாயக்காரர் இழையை உருவி வெளிச்சத்தில் பார்க்கப் போய்விட்டார்.

‘நலம்’ எழுதியதோடு நான் அளப்பதை நிறுத்தியிருந்தேன்; அன்றைக்கே மறுபடி மெஷின் வைத்துப் பார்த்தேன். 136-க்கு 86. கொஞ்சம்தான் கூடியிருந்தது. “பாரு!” என்றார். என் மெஷின்கூட என் பக்கம் இல்லை. மூன்று வாரம் கழித்து 158 காட்டியது. உடனே மாத்திரை போட்டார், இறங்கியது, நிறுத்தினார். அதற்குப் பிறகு இதுவே முறையாகிவிட்டது. ஏறினால் போடுவார், இறங்கினால் நிறுத்துவார், மிச்சம் பொட்டலமாகும். மற்ற இரண்டு மாத்திரைகளில் ஒன்று கொழுப்புக்கு, ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. அவை வேலை செய்வதற்கு என் மெஷினில் எண் கிடையாது, உடம்பிலும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் தினமும் போட வேண்டும் என்று எத்தனையோ முறை சொன்னேன். “கண்ணுக்குத் தெரியாத கலருக்கு எவன் சாயம் போடுவான்?” என்று கேட்டார்.

இவருக்கு இந்த நோய் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். 2023 தீபாவளிக்கு முந்தைய வாரம், தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி ஒருவர் பட்டறைக்கு வந்தார். மெரூன் கலர் சரியில்லை என்று சண்டை போட வந்தவர், பேச்சின் நடுவில் தாடையைப் பிடித்துக்கொண்டார். பல் வலி என்றார். வேர்த்துக் கொட்டியது. சாயக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூஞ்சி கலரு சரியில்லீங்க. ஏறுங்க வண்டியில.”

“யோவ், பல்லு வலின்னு சொல்றேன்...”

“பல்லுக்கு இப்டி வேர்க்காது. நெஞ்சு வலி தாடையில வரும், முதுகுல வரும், எடது கையில வரும். நடக்காதீங்க, குந்துங்க. ஜல்தி, ஆட்டோ!”

உள்ளூர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த கையோடு ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். முதலாளி பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் பல் வலி என்று உட்கார்ந்திருந்தால் கதை வேறு என்று அங்கே சொன்னார்களாம். தாடைக்கு வலி வரும் என்பதை நான்தான் சாயக்காரருக்கு ஒரு புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியிருந்தேன். அவர் அதைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருந்தார்.

மாலையில் நானும் அவரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தோம். அண்ணி காலையிலேயே சந்தைக்குப் போயிருந்ததால் அடுப்பில் இருந்த சிட்டங்களை இறக்க ஆளில்லை. இலைப்பச்சைக்கு வைத்தது கறுத்துப் போய்க் கிடந்தது. அவர் ஒரு சிட்டத்தைக் கோலோடு தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

“பாத்தியா? நேரத்துக்கு எறக்கலன்னா இன்னா ஆவுதுன்னு பாத்தியா?”

ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்த மனிதரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் கோபித்துக்கொண்டேன். நான்கு நாள் பேசவில்லை. குறிப்பில் இருக்கிறது.

2024 மார்ச் 5, செவ்வாய். காலையில் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் ஈர நூலோடு மாடிப்படியில் நின்றிருந்தார். ஏழாவது படி. இல்லை, ஐந்தாவது. எண்ணினேன். கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஏறினார். ஒரு வருடமாக நிற்காமல் ஏறியவர்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். டாக்டர் பெயரை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் அடுப்பில் உமி தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. ஆறு மாதமாகத் தோன்றாதது.

“ணா, தண்ணி நல்லா கொதிக்குதா?”

“கொதிக்குது.”

“கொதி வந்துடுச்சில்ல? உமி போடறத நிறுத்திடுங்களேன்.”

“நிறுத்தினா ஆறிடும்யா.”

“எவ்ளோ நேரத்துல?”

“அண்டா பெருசு. அரை மணி நேரம், முக்கா மணி நேரம் தாங்கும்.”

“மாத்திரை சாயம் இல்லணா. உமி.”

அவர் கையில் தள்ளுகோல் அப்படியே நின்றது. அண்ணியும் சிட்டம் திருப்புவதை நிறுத்திவிட்டார். அவர் அடுப்பைப் பார்த்தார், சுவரில் தொங்கிய ஜெராக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆறு மாசமா டாக்டர் சொன்னாரு, டாக்டர் சொன்னாருன்னு பேஜார் பண்ணிகினு இருந்தியே!”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அண்டாவைக் கவிழ்த்திருப்பேன்.

மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றார். வேலூர் மருத்துவரிடம் நேரம் கேட்டேன்; மார்ச் 18 திங்கட்கிழமை கிடைத்தது. அதை நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பாரம் தூக்கினால் வந்த வலி முன்னைவிடச் சீக்கிரமாகவே வர ஆரம்பித்தால் அது தேதி வாங்கிக் காத்திருக்கிற விஷயமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அந்த மருத்துவர் பிறகு என்னிடம் சொன்னார். பிறகு.

மார்ச் 16, சனிக்கிழமை, காலை 10.15. முள்ளிப்பட்டு முகூர்த்தப் புடவைக்கு ஒரு ரோஜா நிறம். இழையை உருவி வாசலுக்குப் போனவர், வாசற்படியில் உட்கார்ந்தார். “எறக்கிடு” என்று சொன்னாராம். அண்ணி கோலைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சாய்ந்து கிடந்தார். ஆட்டோவில் நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். நேரத்தைக் குறிக்கவில்லை, பத்தேகால் என்பது அண்ணி சொன்னது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பட்டறை அலமாரியில் சாய டப்பாக்களுக்குப் பின்னால் ரப்பர் வளையம் போட்ட மூன்று அட்டைகள் இருந்தன. மூன்றும் புது அட்டைகள். ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. மூன்றிலும் ஆறு ஆறு காலி.

கணக்கு ஒத்து வருகிறது. மார்ச் 10 ஞாயிறு முதல் 15 வெள்ளி வரை ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருப் பக்கம் போனார் என்று அண்ணிக்கு நினைவு. ஆனால் மருந்துக் கடையில் ரசீது போடவில்லை. மாத்திரையை அவர் பட்டறையில் தனியாக இருக்கும்போதுதான் போடுவார், போட்டதை யாரும் பார்க்கவில்லை. முள்ளிப்பட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். “ஒரு பொட்டலம் குடுத்தாருங்க. சிவராத்திரிக்கு முன்னயா பின்னயான்னு சரியா தெரியல. எத்தினின்னும் எண்ணல.” சிவராத்திரி மார்ச் 8.

அந்தப் பொட்டலம் பழைய மிச்சமா, இந்த அட்டைகளிலிருந்தா? வகைக்கு ஆறு என்று எடுத்துப் பொட்டலம் மடிப்பதும் அவர் வழக்கம்தான்.

அண்ணி என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டுக்கினாருன்னு எழுதிடேன் தம்பி. நீ ‘நலம்’னு எழுதினவன்தானே?”

குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். அந்த ஆறு தேதிகளுக்கும் எதிரே பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர் மறுபடி மாத்திரை போடத் தொடங்கினார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.